பால்மரக் கட்டையில் நின்ற தொட்டி

என் ஆசை அந்தோணி அண்ணனுக்கு,

உன்மேல் எனக்குக் கோபம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உயிரோடு இருந்தபோது உன்னைத் திட்ட முடிந்ததே இல்லை. நான் வாயைத் திறந்தாலே ஒரு சிரிப்புச் சிரித்து என் வாயை அடைத்துவிடுவாய். இப்போது நீ குறுக்கே பேச முடியாது. பேசாமல் உட்கார்ந்து கேள்.

உன் படகில் நீ வைத்த தண்ணீர்த் தொட்டி பிய்த்துக்கொண்டு ஓடிவிட்டது. போய் இடித்தது யார் காலில் தெரியுமா? உன் பெண்டாட்டி காலில்.

இந்தக் கடிதத்தை உன்னைத் தெரியாதவர்களும் படிக்கப்போகிறார்கள். அதனால் உன் கதையையே உனக்குக் கொஞ்சம் சொல்லவேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள். மலேசியாவில் செமோர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன் நீ. டீசல் மெக்கானிக். முப்பது வருஷம் லூமுட் துறைமுகத்தில் ஊரார் படகு எஞ்சின்களுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தாய். ஓய்வெடுக்கிற வயதில் மற்றவர்கள் கோழி வளர்ப்பார்கள், துரியான் மரம் நடுவார்கள். நீ ஒரு பழைய பாய்மரப் படகை வாங்கினாய். கடல் எந்தப் பக்கம் இருக்கிறது என்றே தெரியாத நம் ஊரின் பெயரை அதற்கு வைத்தாய். 'செமோர்' என்று நீல எழுத்தில் எழுதியதைப் பார்த்து படகுத்துறை ஜெட்டியில் எல்லோரும் சிரித்தார்கள். எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவன் நீதான்.

நான் உன் தங்கச்சி. ஈப்போவில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் இருபத்தேழு வருஷம் சோதனைப் பிரிவில் நின்றவள். ரப்பர் கையுறையைக் குழாயில் மாட்டி, ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றித் தொங்கவிட்டு, எங்கேயாவது ஒரு துளி கசிகிறதா என்று பார்ப்பதுதான் என் வேலை. எல்லாம் சரியாக இருந்தால் பெட்டிக்குள் ஒரு சின்னச் சீட்டுப் போகும்: சோதித்தவர், நம்பர் 14. இல்லையென்றால் ரிஜெக்ட். அதனால் வீட்டில்கூட நீ என்னைப் பதினாலாம் நம்பர் என்றுதான் கூப்பிட்டாய். அண்ணி வைத்த மீன்குழம்பை என் பக்கம் தள்ளி, "பதினாலு, இது பாஸா ரிஜெக்டா?" என்று கேட்பாயே, ஞாபகமிருக்கிறதா?

நான் வேலையை விட்டு வந்ததிலிருந்து சனிக்கிழமைதோறும் உன்னோடு பாய் இழுக்க வந்தேன். பிலோமினா அண்ணி மட்டும் படகில் கால் வைக்கவில்லை. "ஒரு நாள் லங்காவித் தீவுக்கு இதுலயே கூட்டிட்டுப் போறேன், பாத்துக்கிட்டே இரு" என்று நீயும் சொல்லிக்கொண்டே இருந்தாய். போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில், கோயிலுக்குக் கிளம்பி, டையைப் பாதி கட்டியபடி நாற்காலியில் உட்கார்ந்தாய். அப்புறம் எழுந்திருக்கவே இல்லை. அந்த டையின் முடிச்சை அண்ணி இன்னும் அவிழ்க்கவில்லை.

உன் வருஷத் திருப்பலி முடிந்த வாரம், நான்தான் அண்ணியை வற்புறுத்தி லூமுட்டுக்கு அழைத்துப்போனேன். நீ சொன்ன லங்காவிக்குப் போகுமுன், பக்கத்திலிருக்கிற பங்கோர் தீவு வரைக்கும் போய்ப் பழகட்டுமே என்றுதான். தீவைத் தாண்டும்வரை நன்றாகவே போனது. அண்ணி கீழே அறையில் உட்கார்ந்து கச்சான் கடலை கொறித்துக்கொண்டிருந்தார். வெளிக்கடலில் காற்று ஏறியது. நான் படகைத் திருப்பினேன், அது மறுபக்கம் சாய்ந்தது. அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. முதலில் 'டொக்'. அடுத்தது பலகை பிளக்கிற சத்தம். அதற்கும் அடுத்தது அண்ணி என் பெயரைச் சொல்லிக் கத்தியது.

பாயைத் தளர்த்தி விட்டுக் கீழே பாய்ந்தேன். இருக்கைக்கு அடியில் இருந்த தொட்டி, மேல் பலகையை முட்டித் தள்ளிக்கொண்டு, எதிர்ப்பக்கம் வந்து கிடந்தது. இருநூறு லிட்டர் தண்ணீர் என்றால் இருநூறு கிலோ, அண்ணே. குழாய் கழன்று நல்ல தண்ணீரெல்லாம் தரையில் ஓடியது. அண்ணி கணுக்காலைப் பிடித்துக்கொண்டு அதற்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். எலும்பு முறியவில்லை. அது கடவுள் செயல்.

எஞ்சினைப் போட்டுக்கொண்டு கரைக்கு வந்தோம். ஜெட்டிப் பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்த அண்ணி அழவில்லை, திட்டவும் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"ஸ்டெல்லா, கப்பல வித்துடலாம் லா."

"தொட்டிதான் ஓடிச்சு அண்ணி. கப்பலுக்கு ஒண்ணும் ஆகல."

"இன்னிக்கு தொட்டி. நாளைக்கு என்னா? அவரைத்தான் ஆண்டவருக்குக் குடுத்தாச்சு. உன்னையும் கடலுக்குக் குடுத்துட்டு நான் யாரோட சோறு திங்கிறது?"

படகு எங்கள் இருவர் பெயரிலும்தான் இருக்கிறது. பினாங்கில் ஒருவர் வாங்கத் தயாராக இருந்தார், மாதக் கடைசியில் பதில் கேட்டு வருவதாகச் சொல்லியிருந்தார். அதற்குள் நான் தொட்டியைச் சரிசெய்கிறேன், அதே கடலில் ஓட்டிக் காட்டுகிறேன் என்றேன். "இன்னொரு தடவ அது அசைஞ்சா, நானே மொதக் கையெழுத்துப் போடுறேன் அண்ணி." அண்ணி தலையை ஆட்டினார். என்னை நம்பி ஆட்டியது இல்லை அது, வாதாடத் தெம்பில்லாமல் ஆட்டியது.

மறுநாளே படகைப் பட்டறைக்குக் கொண்டுபோனேன். உன் கூட்டாளி பாக் மான் இருக்கிறாரே, படகுகளுக்கு ஃபைபர் ஒட்டுகிறவர், அவரையும் கூப்பிட்டுக்கொண்டேன். குழாய்களைக் கழற்றி, மிச்சத் தண்ணீரை இறைத்துவிட்டு, தொட்டியை இருவருமாகத் தூக்கி எதிர் இருக்கைமேல் வைத்தோம். தொட்டி இருந்த பள்ளத்தில் நான்கு மூலைக்கும் நீ வைத்த முட்டுக்கட்டைகள் இருந்தன. பாக் மான் ஒன்றை விரலால் அழுத்தினார். விரல் உள்ளே போய்விட்டது.

"காயு கெத்தாவா? ரப்பர் மரத்தையா வைத்திருக்கிறது?" என்று மலாயில் கேட்டார். "யார் வேலை இது?"

"அண்ணன் வேலை" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. மேசை நாற்காலிக்கு அதைப்போல நல்ல மரம் கிடையாது, ஆனால் உப்பு ஈரத்தில் மூன்று வருஷம் தாங்கினதே பெரிசு என்று மெதுவாகச் சொன்னார். நான்கில் இரண்டு ரொட்டியாக ஊறிப்போயிருந்தன. ஒன்று கறுத்துப் பிளந்திருந்தது. மேல்பக்கம், தண்ணீர் எட்டாத மூலையில் இருந்த ஒன்றுதான் முழுசாக இருந்தது. தொட்டியைச் சுற்றி நீ இழுத்துக் கட்டியிருந்த மோட்டார்சைக்கிள் டியூப் கையோடு வந்துவிட்டது.

இப்போது நான் உன்னிடம் சொல்லவேண்டியது ஒன்று இருக்கிறது. கோபம் உன்மேல் மட்டும் இல்லை.

அந்தக் கட்டைகளை நீ கொண்டுவந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நம் தோட்டத்தை வீடு கட்ட வெட்டித் தள்ளினார்கள். நீ ஓடிப்போய், அம்மா பால் வெட்டிய நிரையில் முதலாவதாக நின்ற ரப்பர் பால்மரத்திலிருந்து ஒரு துண்டை வாங்கிக் காரில் போட்டுக்கொண்டு வந்தாய். அறுத்து, இழைத்து, நான்கு கட்டை செய்து தொட்டிக்கு முட்டுக் கொடுத்தாய். பிறகு வழக்கம்போல என்னைக் கூப்பிட்டுக் காட்டினாய். நான் கட்டைவிரல் நகத்தை ஒரு கட்டையில் அழுத்தினேன். நகம் பதிந்தது. மரம் சரியாகக் காயக்கூட இல்லை. இருபத்தேழு வருஷம் பழகிய என் கை ரிஜெக்ட் என்றது.

"அண்ணே, இது ஈரத்துல நிக்குமா?" என்று மட்டும் கேட்டேன்.

"ஏய் பதினாலு, இது நம்ம அம்மா மரம் லா. இது குடுத்த பால்லதான் நம்ம ஆறு பேரும் வளந்தோம். இந்தத் தொட்டியவா தாங்காது?"

சிரித்தாய். நான் வாயை மூடிக்கொண்டேன்.

முன்பின் தெரியாதவர்கள் செய்த எத்தனையோ பெட்டிகளை முகம் பார்க்காமல் திருப்பி அனுப்பியவள் நான். என் அண்ணன் செய்ததை, அம்மா மரம் என்று சொன்னதற்காக, பாஸ் போட்டேன். அதற்குப் பிறகு படகு சாயும்போதெல்லாம் அந்தச் சின்ன 'டொக்' கேட்டது. "அலை தட்டுது லா" என்றாய். அலை இல்லை என்று எனக்குத் தெரியும். உனக்கும் தெரியுமா, அண்ணே? தெரிந்தும் கேட்காததுபோல இருந்தாயா?

சரி. அழுதால் தொட்டி நிற்காது. வேலையைப் பார்த்தோம்.

பள்ளத்தைச் சுரண்டி, கழுவி, பழைய பெயிண்டை எல்லாம் ஃபைபர் தெரியும்வரை தேய்த்தேன். முகத்தில் துணி கட்டிக்கொண்டு இரண்டு நாள் தேய்த்ததில் உடம்பெல்லாம் அரிப்பு. கடலுக்கென்றே வைத்த கெட்டியான பாலாவ் மரத்தில் புதுக் கட்டைகள் அறுத்தோம். ஆணி அடித்து நிறுத்தவில்லை. படகின் உடம்போடு சேர்த்து ஃபைபர் துணி போட்டு, பிசின் ஊற்றி ஒட்டினோம், ஈரம் உள்ளே போக வழியே இல்லாமல். தொட்டி மேலே எழும்பாதபடி குறுக்கே ஒரு கட்டையும் போட்டு, இரண்டு பக்கமும் போல்ட் வைத்து இறுக்கினேன். ஒரு நூல் இடைவெளிகூட விடவில்லை. எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா? பெருமையோடு தொட்டியை நிரப்பினேன்.

முக்கால்வாசி ஏறியதும் குறுக்குக்கட்டை முனகியது. கொஞ்ச நேரத்தில் படக்கென்று ஒரு மூலையில் ஃபைபர் விட்டுக்கொண்டது. தொட்டி பிளாஸ்டிக், தண்ணீர் ஏறினால் வயிறு உப்புகிறது! வாழ்நாள் முழுக்கத் தண்ணீர் ஊற்றிய ரப்பர் கையுறை வீங்குவதைப் பார்த்தவளுக்கு இது தோன்றவில்லை பார். காலித் தொட்டியை வைத்து அளவெடுத்திருக்கிறேன். தரையில் உட்கார்ந்து என்னை நானே வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டேன். பாக் மான் கோப்பியை ஊற்றி என் கையில் கொடுத்தார். "காக், சாப்பிட்ட பிறகுதானே பெல்ட்டுக்கு அளவெடுக்க வேண்டும்?" என்றார். காக் என்றால் மலாயில் அக்கா. அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மாதம் முடிய ஐந்து நாள்தான் பாக்கி. உடைந்ததை வெட்டியெடுத்து மறுபடியும் ஒட்டினோம். இந்தத் தடவை தொட்டியை நிரப்பி, வயிறு எவ்வளவு உப்புகிறது என்று பார்த்து, அதற்கு மேல்தான் குறுக்குக்கட்டையை வைத்தேன். மரமும் தொட்டியும் தொடுகிற இடங்களில் எல்லாம் கனமான ரப்பர் ஷீட் வைத்தேன், தொட்டி விரிந்தாலும் சுருங்கினாலும் அது விட்டுக்கொடுத்துப் பிடித்துக்கொள்ளும். பால்மரம் உன் படகைவிட்டுப் போய்விடவில்லை, அண்ணே. பாரம் தாங்க மரத்தை வைத்தாய், அதற்கு அது ஆகாது. மெத்தை கொடுக்க அதன் பால் ஆகும். அதன் மேலே இரண்டு லாரிப் பெல்ட். குழாய்களைக் கொஞ்சம் தொய்வாக விட்டேன், இழுத்தாலும் கழலாதபடி.

வேலை முடிந்தது. ஆனால் அண்ணியிடம் காரணத்தைச் சொல்லாமல் படகில் ஏற்ற மனம் வரவில்லை. ஊறிப்போன ஒரு கட்டையையும், முழுசாக இருந்த அந்த ஒன்றையும் பேப்பரில் சுற்றிக்கொண்டு பத்து காஜா ஊரிலிருக்கிற உன் வீட்டுக்குப் போனேன். சாப்பாட்டு மேசையில் பிரித்து வைத்தேன்.

"இது அத்தை மரமில்ல?" என்றார் அண்ணி. பார்த்ததுமே கண்டுகொண்டார். "கழுவித் தொடச்சுக் குடுத்ததே நான்தான்."

"இதுதான் ஊறிப்போய் விட்டுருச்சு அண்ணி. போடுறப்பவே ஆகாதுன்னு எனக்குத் தெரியும். சொல்லாம விட்டுட்டேன். உங்க காலு வீங்கினது என்னாலதான்."

அண்ணி அந்தக் கட்டையைத் தொட்டுப் பார்த்தார். விரலில் ஒட்டிய தூளைப் பேப்பரில் துடைத்தார்.

"ஏன் சொல்லல?"

"அண்ணன் சிரிச்சிச்சு."

அண்ணி ஊறிப்போன கட்டையை மறுபடியும் பேப்பரில் சுற்றினார். நான் எழுந்து போய்விடலாமா என்று நினைத்தபோது வாயைத் திறந்தார்.

"அவரு போறதுக்கு முந்தின வெள்ளிக்கெழம நெஞ்சு கரிக்குதுன்னாரு. ஆஸ்பத்திரிக்குப் போலாம், நான் காரு எடுக்கிறேன்னேன். சிரிச்சாரு. நெஞ்சு இல்லடி, நீ வச்ச காரச் சம்பல்னாரு. நானும் சிரிச்சுட்டு விட்டுட்டேன், ஸ்டெல்லா."

இத்தனை நாள் இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. நாங்கள் இருவரும் அந்த மேசையில் உட்கார்ந்து அழுதோம். உன்னைத் திட்டியும் அழுதோம். உன் காது நன்றாக எரிந்திருக்க வேண்டும்.

பிறகு அண்ணி மூக்கைச் சிந்திவிட்டுக் கேட்டார்: "சரி, எப்ப ஓட்டிப் பாக்கப் போற?"

"நாளைக்கு. பாக் மானும் நானும்."

"நானும் வாரேன்."

"கால் இன்னும் வீங்கி இருக்கு அண்ணி, வேணாம்."

"நீயே செஞ்சு நீயே பாஸ் போடுவியா? உங்க பெக்டரியில அப்புடித்தானா?"

இருபத்தேழு வருஷம் நான் வேலை செய்த இடத்தின் முதல் விதியே அதுதான். செய்தவர் சோதிக்கக்கூடாது.

மறுநாள் காலை தொட்டியைப் பாதி மட்டும் நிரப்பினேன். முழுத் தொட்டியில் தண்ணீர் ஆடாது. காலித் தொட்டிக்குக் கனமில்லை. பாதித் தொட்டியில்தான் தண்ணீர் இங்கும் அங்கும் ஓடிச் சுவரில் மோதும். சோதனை என்றால் மோசமான நிலையில்தான் செய்யவேண்டும். அண்ணி பையிலிருந்து சிவப்பு மார்க்கர் பேனாவை எடுத்தார். தொட்டியின் பக்கத்தில் தொடங்கி, புதுக்கட்டையின் மேல்வரை நான்கு மூலையிலும் நேராக ஒரு கோடு போட்டார்.

"இந்தக் கோட்டுல ஒண்ணு ஒடஞ்சாலும், பினாங்குக்காரருக்கு நானே போன் பண்ணுவேன்."

"பண்ணுங்க" என்றேன்.

அதே இடத்துக்குப் போனோம். மத்தியானக் காற்று நன்றாக ஏறியிருந்தது. அண்ணி உயிர்காப்புச் சட்டை போட்டுக்கொண்டு, கீழே தொட்டிக்கு எதிரில், மேல் பலகையை எடுத்துவிட்டு உட்கார்ந்தார். பாக் மான் பாயைப் பார்த்துக்கொண்டார். சுக்கான் என் கையில். படகின் விளிம்பு தண்ணீரைத் தொடும்வரை சாய்த்தேன். உள்ளே தண்ணீர் மோதுகிற சத்தம் மேலே எனக்குக் கேட்டது.

"நிக்குது!" என்று அண்ணி கத்தினார்.

திருப்பினேன். மறுபக்கம் சாய்ந்தது. "நிக்குது!" இன்னொரு தடவை. இன்னொரு தடவை. ஐந்தாவது திருப்பத்தில் ஒரு பெரிய இழுவைப்படகு கடந்துபோன அலை பக்கவாட்டில் வந்து தூக்கிப் போட்டது. நம் படகு ஏறி இறங்கியது.

'டொக்.'

பாக் மான் என்னைப் பார்த்தார். கீழிருந்து சத்தமே இல்லை. போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். கையெழுத்துப் போடுகிற பேனாவைக்கூட மனசுக்குள் பார்த்துவிட்டேன்.

"பிஸ்கட் டின்னு லா!" அண்ணியின் குரல் கேட்டது. "தொட்டி இல்ல, பிஸ்கட் டின்னு விழுந்துச்சு! கோடு அப்புடியே இருக்கு! நீ ஓட்டு!"

நான் ஓட்டினேன். கண்ணில் தண்ணீரோடு இன்னும் ஆறு தடவை திருப்பினேன். பாக் மான் போதும் போதும் என்று கையெடுத்துக் கும்பிட்ட பிறகுதான் விட்டேன்.

கொஞ்சநேரம் கழித்து அண்ணி படிக்கட்டைப் பிடித்து மேலே வந்தார். உன் படகில் அவர் கடலைப் பார்க்க மேலே வந்தது அதுதான் முதல் தடவை. நீ உட்காருகிற இடத்தில் உட்கார்ந்தார். காற்றில் முந்தானையைப் பிடித்துக்கொண்டு கடலைப் பார்த்தார். பினாங்குக்காரரைப் பற்றிப் பேசவே இல்லை.

"லங்காவிக்கு எத்தன நாளு?"

"பினாங்குல தங்கித் தங்கி மெதுவாப் போனா நாலு நாள் அண்ணி."

"அப்ப தொட்டிய ரொப்பு. நான் தலைக்குக் குளிக்காம நாலு நாள் இருக்க மாட்டேன்."

அடுத்த சனிக்கிழமை கிளம்புகிறோம், அண்ணே. உன் முழுக்கட்டையை அண்ணி பத்து காஜா வீட்டில் முன்கதவுக்கு முட்டாக வைத்துவிட்டார். அங்கே ஈரமில்லை, அது நம்மையெல்லாம்விட நாள் இருக்கும். அம்மா மரம் வீணாகப் போகவில்லை. இடம்தான் தப்பாக இருந்தது.

நான் உனக்குக் கொடுக்கிற வாக்கு இது. அண்ணியை லங்காவிக்குக் கூட்டிப்போய், முழுசாகத் திரும்பக் கூட்டிவருவேன். வழியில் எங்கேயாவது ஒரு சின்ன 'டொக்' கேட்டால்கூடப் படகை நிறுத்துவேன், பலகையைத் தூக்கிப் பார்ப்பேன். எவ்வளவு ஆசையானவர்கள் செய்ததாக இருந்தாலும், எவ்வளவு அழகாகச் சிரித்தாலும், ஆகாது என்றால் ஆகாது என்று சொல்வேன். உன்னிடம் சொல்லாததை இனி எல்லோரிடமும் சொல்வேன்.

தொட்டிக்கு மேலே பலகையை மூடுமுன், அண்ணி அந்தச் சிவப்புப் பேனாவைக் கேட்டு வாங்கினார். குறுக்குக்கட்டையின் மேல் தன் கையால் எழுதினார். அதையே கீழே எழுதி முடிக்கிறேன். அவர் உனக்குக் காட்டச் சொன்னார்.

சோதித்தவர்: நம்பர் 15.

செய்தவள்: நம்பர் 14,
உன் தங்கச்சி ஸ்டெல்லா